அச்சமும் ஆறுதலும்

சரித்திரப் புத்தகங்களில் கொள்ளை நோய்க்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். யுத்தத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பஞ்சத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. பட்டாபிஷேகத்துக்குப் படத்துடன் நான்கு பக்கம் உண்டு. கொள்ளை நோய்க்குக் கிடைப்பதெல்லாம் ஒரே ஒரு வாக்கியந்தான். இன்ன வருஷத்தில் இன்ன நோய் பரவி இத்தனை லட்சம் பேர் மாண்டனர் என்று எழுதிவிட்டு, ஆசிரியர் அடுத்த வைஸ்ராயைக் கவனிக்கப் போய்விடுவார்.

மாண்டவர்களை எண்ணியாகிவிட்டது, சரி. மாளாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டினார்களே, அவர்களுடைய மனம் எப்படி இருந்தது? இரவில் தூங்கினார்களா? பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் என்ன நினைத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சரித்திராசிரியர்கள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. கதை எழுதுகிறவனுக்கோ இந்தக் கேள்விகளை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆகையால் இந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

1921-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1911-இல் 25 கோடியே 21 லட்சமாக இருந்த இந்தியாவின் ஜனத்தொகை, பத்து வருஷங்களில் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்து நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஏறிக்கொண்டே போன படிக்கட்டில் கீழே இறங்கிய படி அது ஒன்றுதான். காரணம், 1918-இல் வந்த விஷக்காய்ச்சல். அந்தக் காலத்துக் கணக்கில் வயதுக்கு ஒரு கட்டம் உண்டு. ஜாதிக்கு, தொழிலுக்கு, பாஷைக்கு எல்லாம் கட்டங்கள் உண்டு. குருடு, செவிடு, குஷ்டம் இவற்றோடு பைத்தியம் என்பதற்குங்கூட ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். துக்கம் என்பதற்குக் கட்டம் இல்லை; பயம் என்பதற்கும் இல்லை. கட்டம் இல்லாததனாலேயே அவை இல்லாமல் போய்விடுமா?

நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. கொள்ளை நோய் வந்தால் இரண்டு வியாதிகள் வருகின்றன, ஒன்று உடம்புக்கு, மற்றொன்று மனத்துக்கு என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். முதல் வியாதிக்கு அவர்களிடம் மருந்து இல்லை. இரண்டாவதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

அம்மை நோயைப் பற்றி நம்மவர்கள் பேசிய பேச்சையே கவனியுங்கள். "அவனுக்கு நோய் கண்டிருக்கிறது" என்று சொல்லமாட்டார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். "முத்துப் போட்டிருக்கிறது" என்பார்கள். கண் போகுமோ, உயிர் போகுமோ என்று கிடக்கும் குழந்தையின் உடம்பில் கொப்புளித்திருப்பது முத்து! நோய் தணிந்தால், "அம்மா இறங்கிவிட்டாள்." பெற்றவளே வந்து தங்கிப் போகிறாள் என்பது போன்ற பேச்சு. இதை அறியாமை என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால், பெயர் தெரியாத ஒன்று இருட்டில் நிற்கிறது என்பதைவிட, தெரிந்த ஒருத்தி கோபமாக நிற்கிறாள் என்பது மனத்துக்கு எவ்வளவோ மேல். கோபத்தைத் தணிக்க வழி உண்டு அல்லவா?

எனக்குச் சிறு வயதில் சின்னம்மை போட்டிருந்தபோது என் பாட்டி நடத்திய நிர்வாகத்தை நினைத்துப் பார்க்கிறேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. அதைப் பார்த்ததும் வெளியார் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள். வீட்டில் தாளிதம் கிடையாது. எங்கள் வீட்டார் ஒரு கல்யாணத்துக்கோ துஷ்டிக்கோ போவதில்லை. எனக்கு வேளாவேளைக்கு இளநீர், மோர். அரிப்புத் தாங்காமல் நான் அழும்போது பாட்டி வேப்பங்குழையால் தடவிக்கொண்டே மாரியம்மன் தாலாட்டை முணுமுணுப்பாள். அது எனக்கா அம்மனுக்கா என்று எனக்குத் தெரியாது, தூக்கம் வந்துவிடும். கடைசியில் மூன்று தண்ணீர் விட்ட பிறகுதான் வாசல் வேப்பிலை இறங்கிற்று. ஊரிலிருந்து என்னைப் பிரித்து வைத்தார்களே தவிர, அத்தனை நாளில் ஒரு நாழிகைகூட என்னைத் தனியே விடவில்லை.

வீட்டுக்கு இப்படி என்றால் ஊருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊரார் வேற்றூரில் போய் இராத் தங்கக் கூடாது. முளைப்பாரி போடுகிறவள் விரதம் காக்கவேண்டும். பயந்து கிடக்கும் ஊருக்கு இவ்வளவு வேலை! வேலை இருக்கிறவனுக்குப் பயப்பட நேரம் குறைவு. அதோடு, எல்லாரும் ஒரே பயத்தைப் பயப்படுகிறோம் என்பதை ஊர் நடுவில், கொட்டு முழக்கத்தோடு, ஒருவருக்கொருவர் கண்ணால் கண்டுகொள்வார்கள்.

சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. அங்குள்ள மாரியம்மன், கரிசல் சீமை முழுவதற்கும் தாய். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், வறண்டு கிடக்கும் ஆற்றுமணல் ஜனசமுத்திரமாகிவிடும். அம்மைக்கும் கண் நோய்க்கும் நேர்ந்துகொண்டவர்கள் கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். மாட்டு வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது வேன்கள் நிற்கின்றன. வந்தவர்கள் முகத்தில் இருக்கும் பாவம் மட்டும் மாறவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர்களின் முகம் அது.

வேப்பிலை பெரியம்மையை ஒழித்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1796-இல் ஜென்னர் என்ற இங்கிலாந்து வைத்தியர் தொடங்கிவைத்த அம்மை குத்தும் முறைதான் அதை ஒழித்தது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ஆம் வருஷம் மே மாதத்தில். 1980-இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று பிரகடனம் செய்தார்கள். அம்மன் கோபிப்பாள் என்று பயந்து குத்திக்கொள்ள மறுத்து உயிரை விட்டவர்களும் நம்மிடையே உண்டு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: உடம்பின் வியாதியை ஊசி தீர்த்தது, ஊசி வந்து சேரும்வரையில் மனத்தின் வியாதியைத் தாங்கிப் பிடித்தது வேறொன்று.

நிற்க. அடுத்தபடியாகப் பிளேக் வந்தது. 1896-இல் பம்பாயில் இறங்கிய அந்த நோய் நாடெங்கும் பரவியபோது, ஜனங்கள் நோய்க்குப் பயந்ததைவிடச் சர்க்காருக்கு அதிகமாகப் பயந்தார்கள். 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். பெண்டுகளை வெளியே நிறுத்திப் பரிசோதித்தார்கள். சாமான்களைத் தெருவில் எறிந்தார்கள். அந்த ஆத்திரத்தில் பிளேக் அதிகாரி ராண்டு என்பவரைச் சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூன் 22 இரவு சுட்டார்கள். நமது சென்னை ராஜதானியில் ரயிலேறி வந்தவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டு கொடுத்து, தினந்தோறும் அதிகாரி முன் ஆஜராகச் சொன்னார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தி பல ஊர்களில் நோயைவிட வேகமாகப் பரவியது. பிணத்தை வீட்டுக்குள் ஒளித்துவைத்த குடும்பங்களும் இருந்தன.

இந்த அமளியில் ஒருவர் மட்டும் மனத்துக்கு மருந்து எழுதினார். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் பயம் ஏற்பட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியபோது, சுவாமி விவேகானந்தர் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். வீட்டையும் துணியையும் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்ன அதே பிரசுரம், வதந்திகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்றும் சொல்லியது. வெறும் பேச்சோடு நிற்கவுமில்லை. மறு வருஷம் நோய் வந்தபோது சகோதரி நிவேதிதை துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாக்பஜார்ச் சந்துகளைக் கூட்டினார். அந்தக் காட்சியைப் பார்த்த ஜனங்களுக்கு எத்தனை சொற்பொழிவுகளால் வந்திருக்கக் கூடிய தைரியம் வந்திருக்கும்! நமது கோயம்புத்தூர் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் தைரியம் தேடிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த நகரத்தில் 'பிளேக் மாரியம்மன்' கோவில்கள் இருக்கின்றன. நோய் போய் அநேக வருஷங்கள் ஆகியும், அந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அவை சாட்சி.

1918-இல் வந்த விஷக்காய்ச்சல்தான் ஒரு சாட்சியும் விட்டுவைக்காமல் போயிற்று. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, சில மாதங்களில் நாடு முழுவதும் சுற்றி, இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாமல் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். அது கிழவர்களைத் தேடிப் போன நோயல்ல. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களையே அதிகமாகத் தேடியது. அந்த வருஷம் மழையும் பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்தது. வைத்துக் காப்பாற்ற வேண்டியவர்களே படுத்துவிட்டால் யார் கஞ்சி வைப்பது? யார் அழுவது? ஹிந்திக் கவிஞர் நிராலா அப்போது இளைஞர். மனைவியையும் குடும்பத்தில் இன்னும் பலரையும் அந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். கங்கையில் பிணங்கள் மிதந்ததைப் பல வருஷங்களுக்குப் பிறகு 'குல்லி பாட்' என்ற நூலில்தான் அவர் எழுதினார். அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர்? நம் தேசத்து இலக்கியத்தில் அவ்வளவு பெரிய சாவுக்குக் கிடைத்த இடம் மிக மிகச் சிறிது. சொல்ல முடியாத துக்கத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள் போலும். நூறு வருஷங்களில் நாம் அதைச் சுத்தமாக மறந்தும்விட்டோம்.

ஆகவே 2020-இல் கொரோனா வந்தபோது, முன்பின் காணாத ஒன்றைக் கண்டது போல் திகைத்தோம். மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி. மார்ச் 24 நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. புனாவைக் கலக்கிய அதே 1897-ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள்.

இந்த நோய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பயம் வந்தால் மனிதன் மனிதனை நாடுவான். இதிலோ பயத்தின் காரணமே பக்கத்து மனிதன்தான்! கூடாதே, தொடாதே, கிட்ட வராதே என்பதுதான் வைத்திய சாஸ்திரம் சொன்னது. அது சரியாகவே சொன்னது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாக மனத்துக்கு மருந்தாக நாம் வைத்திருந்தது அத்தனையும் கூடுவதும் தொடுவதுமாக அல்லவா இருந்தது? அந்த வருஷம் ஆடியில் பெரிய கோவில்கள் பக்தர்களுக்குத் திறக்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். கொள்ளை நோய்க்கென்றே இருந்த அம்மனின் திருவிழா, கொள்ளை நோயினாலேயே ஜனங்கள் இல்லாமல் நடந்தது. சாவு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. நோயினால் இறந்தவரின் உடலைச் சுற்றிக் கட்டி, தூரத்திலிருந்து முகத்தைக் காட்டி, நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீர்மாலை இல்லை, கோடி இல்லை, கட்டிப்பிடித்து அழ ஆள் இல்லை.

தெற்கத்திச் சீமையில் 'துஷ்டி கேட்பது' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுவார்கள். எப்படி ஆயிற்று என்று ஒருவர் கேட்பார். வீட்டுக்காரி முதலிலிருந்து சொல்லுவாள். அடுத்தவர் வந்து அதையே கேட்பார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவாள். பதினாறு நாட்களில் அந்தக் கதையை நூறு தடவையாவது அவள் சொல்லியிருப்பாள். முதல் நாள் சொல்லும்போது தொண்டை அடைக்கும். பதினாறாம் நாள் சொல்லும்போது கதை கைக்கு அடங்கியிருக்கும். இன்றைய மனோதத்துவ வைத்தியர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் செய்கிற சிகிச்சையில் ஒரு பகுதி இதுதான். 2020-இல் அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

பயம் மனிதர்களை என்ன செய்யும் என்பதைச் சென்னையே பார்த்தது. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவினால் காலமானார். அவருடைய உடலை அடக்கம் செய்ய ஒரு கூட்டம் விடவில்லை, கல்லால் அடித்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் இரவில் மண்வெட்டி பிடித்து மண் தள்ளி அடக்கம் செய்யவேண்டியதாயிற்று. கல் எறிந்தவர்களும் அடுத்த நாள் தங்கள் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டியிருப்பார்கள். அவர்கள் ராக்ஷஸர்கள் அல்ல, பயந்தவர்கள். 1897-இல் பிணத்தை ஒளித்துவைத்த பயமும் 2020-இல் பிணத்தின் மேல் கல்லெறிந்த பயமும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான்.

பயத்தோடு பசியும் சேர்ந்துகொண்டது. இங்கே மறுபடியும் எண்ணிக்கைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்குப்படி, இந்தியாவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்கள் 2019-இல் 1,39,123 பேர். 2020-இல் 1,53,052 பேர். 2021-இல் 1,64,033 பேர். இவர்களில் தினக்கூலிகள் 2019-இல் 32,563, 2020-இல் 37,666. கொரோனாவில் இறந்தவர்களின் பட்டியலில் இவர்கள் பெயர் இராது. அதிகமானவர்கள் எல்லாருமே நோய்க்காலத்தின் பலி என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. ஆனாலும் அந்த இரண்டு வருஷங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர் இவர்களைத் தாண்டிப் போகமுடியாது. முதல் வருஷத்தில் மட்டும் உலகத்தில் மனக்கலக்கமும் மனச்சோர்வும் நூற்றுக்கு இருபத்தைந்து விகிதம் அதிகரித்தன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிற்று.

இப்போது சிவகாசிப் பக்கம் வருவோம். மழை குறைந்த கரிசல் பூமி. அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அநுகூலமாயிற்று. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை எல்லாருக்கும் தெரியும். பின்னர் பட்டாசும் வந்தது. வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தவர்கள், விடியற்காலையில் வரும் ஆலை வேனுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். அங்கே 'மருந்து' என்றால் ஆஸ்பத்திரி மருந்தல்ல, வெடிமருந்து. நமக்கெல்லாம் உயிர் கொடுக்கும் சொல், அந்தச் சீமையில் உயிரைக் குடிக்கும் பொருளுக்குப் பெயராக வழங்குகிறது.

2020-இல் ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. திறந்தபோது குறைந்த ஆட்களோடு திறந்தன. சரி, தீபாவளி காப்பாற்றும் என்று இருந்தார்கள். நவம்பர் 14 தீபாவளி. அதற்குச் சில நாட்களே இருக்கையில் ராஜஸ்தான், ஒரிஸ்ஸா, டில்லி முதலான ராஜ்யங்கள் பட்டாசுக்குத் தடை போட்டன. மூச்சை அடைக்கும் நோய்க்காலத்தில் புகை கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் டில்லியில் ஒருவருடைய நுரையீரலைக் காக்கப் போட்ட உத்தரவு, வெம்பக்கோட்டையில் ஒருத்தியின் வாரக்கூலியில் போய் விழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் கஷ்டத்தில், யாரைத் திட்டி மனத்தை ஆற்றிக்கொள்வது?

இப்படி ஒரு வருஷம் நோயும் கடனும் தின்றது போக மிச்சமிருந்த மனத்தோடுதான், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். ஆலைக்கு மாரியம்மன் பெயர்தான் வைத்திருந்தார்கள். பிற்பகலில் மருந்து கலக்கும்போது உராய்வினால் தீப்பற்றியது என்று அன்றைய செய்திகள் கூறின. அறைக்கு அறை தாவி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இன்னும் பலர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். அச்சங்குளம் என்ற பெயரில் அச்சம் எப்படி வந்ததோ, நான் அறியேன். அன்று முதல் அந்தப் பெயரை வேறு அர்த்தத்தில் படிக்க முடியாமல் போயிற்று.

பட்டாசுச் சீமைக்கு விபத்து புதிதல்ல. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் சுமார் நாற்பது பேர் போனார்கள். ஆனால் அச்சங்குளத்தின் துக்கத்தை ஒரு தனித் துக்கமாக நினைக்கச் செய்வது அதற்கு முன்னும் பின்னும் இருந்த காலம். பதினாறாம் நாள் காரியம் வருவதற்குள், பிப்ரவரி 25-ஆம் தேதி, அதே ஜில்லாவில் காளையார்குறிச்சியில் இன்னொரு ஆலை வெடித்தது. ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாவது அலை எழும்பிற்று. மே 10 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்டது. நிராலா கண்ட காட்சி அதே மாதத்தில் கங்கையில் திரும்பவும் காணப்பட்டது. சாவைப் பற்றி நினைக்க ஆரம்பித்தவர்களை, அதைவிடப் பெரிய சாவுகள் வந்து வாயடைத்துவிட்டன. நாடே இழவு வீடாக இருக்கும்போது அச்சங்குளத்துக்கு யார் துஷ்டி கேட்கப் போவார்கள்?

பிரதம மந்திரியின் நிதியிலிருந்து இரண்டு லட்சம், ராஜ்ய சர்க்காரிலிருந்து மூன்று லட்சம் என்று நிவாரணம் அறிவித்தார்கள். பணம் வேண்டியதுதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பட்டியலிலும் பழைய ஜனத்தொகைக் கணக்கைப் போலவே இரண்டு கட்டங்கள்தாம்: மாண்டவர், காயம் பட்டவர். அடுத்த அறையில் இருந்து ஓடித் தப்பியவர் எந்தக் கட்டத்தில் வருவார்? உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் எங்கேயாவது கதவு அறைந்தால் உடம்பு தூக்கிப் போடும். கண்ணை மூடினால் அந்தப் பிற்பகல் வந்து நிற்கும். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் டாக்டர்கள் முதலில் கண்டுபிடித்த வியாதி இது. எந்தப் பெரிய விபத்துக்குப் பின்னும் வரக்கூடியது என்று இப்போது தெரிந்திருக்கிறது. சிப்பாய்க்காவது யுத்தம் ஒருநாள் முடியும். ஆலைத் தொழிலாளி, விட்ட இடத்துக்கே வேன் ஏறிப் போகவேண்டும். போகாவிட்டால் கூலி இல்லை.

மனத்தின் வியாதியை நாம் எப்படி நடத்தி வந்திருக்கிறோம் என்பதற்குப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தத் தீக்குப் பிறகுதான் தேசம் கண்ணை விழித்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மனத்துக்கு வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அது சொல்கிறது. உயிரை விடத் துணிந்து பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்தாமல், தாங்க முடியாத வேதனையில் இருந்தவராகக் கருதவேண்டும் என்றும் சொல்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில், பெங்களூர் மனநல நிலையத்தாரும் மற்றவர்களும் உள்ளூர் ஆசிரியர்களையும் தொண்டர்களையும் பழக்கி, குடிசை குடிசையாக அனுப்பினார்கள். பெரிய படிப்புப் படித்த டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. கேட்கத் தெரிந்த ஆள் போதும் என்பது அப்போது தெரிந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ப்' நிறுவனத்தார், 2010-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு பஸ்ஸையே மனநல ஆஸ்பத்திரியாக மாற்றிக் கிராமங்களுக்கு ஓட்டினார்கள். பஸ்ஸில் திரை இருக்கும். திரையில் சென்னை டாக்டர் தோன்றிப் பேசுவார். 2022 அக்டோபர் 10 முதல் 'டெலிமானஸ்' என்று சர்க்காரே ஒரு தொலைபேசிச் சேவை நடத்துகிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவோ பகலோ யாரும் பேசலாம், காசில்லை, தமிழிலேயே பேசலாம். ஆலை வாசலில் 'புகை பிடிக்காதே' என்ற பலகைக்குப் பக்கத்தில் அந்த ஐந்து எண்களையும் எழுதிவைத்தால் என்ன செலவாகிவிடப் போகிறது?

மனநல வைத்தியம் என்றதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பவர்கள் நம்மில் இன்னும் அதிகம். காய்ச்சலடித்தால் மாத்திரை போடுகிறவன் தன்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுவதில்லை. நாற்பது நாளாகத் தூக்கமில்லை என்பதைச் சொல்ல மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்? நம் பாட்டிமார்கள் வெட்கப்படவில்லை. பயந்தபோது பயந்தோம் என்று அம்மன் சந்நிதியில் உரக்கச் சொன்னார்கள். செத்தபோது மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களிடம் இல்லாத ஊசி நம்மிடம் இருக்கிறது. அவர்களிடம் இருந்த அழுகையை நாம் நாகரிகம் கருதி விட்டுவிட்டோம். இரண்டையும் வைத்துக்கொண்டால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

கொள்ளை நோய் இனி வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. வந்தால் மறுபடியும் கூடாதே, தொடாதே என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். அப்போதும் ஒன்றைச் செய்யலாம். துக்கம் கேட்பதை ஒத்திப் போடலாம். ரத்து செய்ய வேண்டியதில்லை. பதினாறாம் நாள் போக முடியாவிட்டால் நூறாம் நாள் போகலாம். ஒரு வருஷம் கழித்தும் போகலாம். இவ்வளவு நாள் கழித்துப் போய்ப் பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் புண் ஆறியிருந்தால் நீங்கள் கிளறினாலும் வலிக்காது, ஆறாதிருந்தால் அதை ஒருவர் கேட்கவேண்டும் என்றுதான் அது காத்துக்கொண்டிருக்கும்.

அச்சங்குளத்திலும் முதலிப்பட்டியிலும் மாத்திரம் அல்ல, உங்கள் தெருவிலேயே 2020-இலும் 2021-இலும் இருபது பேர்கூட வராமல் ஒரு சாவு நடந்த வீடு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காருங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எப்படி ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்கள் சொல்லுவார்கள்.